மைக்செட்டின் இடது கன்னம்

தெருவில் அவரை மைக்செட் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்ள வேண்டுமானால் ஒரு நிமிஷமாவது பேச்சை நிறுத்த வேண்டுமே, அதற்கு அவருக்கு எங்கே நேரம்? சலூனில் இரண்டு சுழல் நாற்காலி, எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஒரு நாற்காலியில் ஆள் உட்காருவார், இன்னொன்றில் துண்டுகள் குவிந்திருக்கும். வெள்ளைத் துணியைக் கழுத்தில் சுற்றும்போது ஆரம்பிக்கிற பேச்சு, பவுடர் தட்டி எழுப்பிவிடும்வரை ஓயாது. யார் வீட்டில் யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, எந்தக் கடைக்காரர் எந்தக் கடைக்காரரைப் பார்த்து வயிறு எரிகிறார், எல்லாம் வெட்டுக் கூலிக்குள்ளேயே அடக்கம்.

கெட்ட மனுஷர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். யாரையும் கவிழ்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை பேசியதில்லை. வயிற்றில் ஒரு சேதி தங்காது, அவ்வளவுதான். கழுத்தில் கத்தி இருக்கும்போது ஆளுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் பயமில்லாமல் அசையாமல் இருப்பான் என்பது அவர் கட்சி. பேச்சுக்குச் சரக்கு வேண்டுமில்லையா? தெருச் சரக்கு தீர்ந்துபோனால் வீட்டுச் சரக்கை எடுப்பார். அப்படி எடுத்ததில்தான் மகளின் கல்யாணம் நின்றது.

எல்லாம் பேசி, நாள் குறிக்கிற வரைக்கும் வந்துவிட்டது. அந்த வாரத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். மைக்செட்டுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் இல்லை. "எம் பொண்ணுக்குக் கல்யாணம் சார். சின்ன வயசுல அவளுக்கு வலிப்பு வரும். தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சிருக்கேன். பொழைக்குமான்னு இருந்த பிள்ளை, இன்னிக்கு எப்படி நிக்குது தெரியுமா?" என்று பெருமை அடித்துக்கொண்டார். அத்தனையும் பாசம். நாற்காலியில் இருந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். பெண் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம் என்று வந்தவர், ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மறுநாளே ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று.

மகள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "அம்மாவும்தான் கூடவே அலைஞ்சாங்க. சாகற வரைக்கும் ஒரு ஆள்கிட்ட சொல்லியிருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள். உண்மைதான். அந்த அம்மாளின் வாயைக் கிளறி ஒரு சேதி வாங்க ஒருத்தராலும் முடிந்ததில்லை. பெண்ணும் அச்சாக அம்மா மாதிரி, அழுத்தக்காரி என்றுதான் சொந்தத்தில் பேச்சு. அவள் வேறு ஊரில் ஒரு கூரியர் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். போன் செய்தால், "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், வச்சிடறேன்." அதற்கு மேல் ஒரு சொல் பெயராது. சொன்னால் சலூனுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும் என்ற பயம். பயந்ததிலும் தப்பில்லை, அவள் சாப்பிட்டாள், நல்லா இருக்கிறாள் என்பதைக்கூட அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

வருஷங்கள் இப்படிப் போனபிறகு வலி வந்தது. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இடது கன்னத்துக்குள் கரண்ட் அடித்தாற்போல ஒரு வெட்டு. என்ன ஏது என்று நினைப்பதற்குள் போய்விட்டது. காபியை வாயில் வைத்தார், திரும்ப வந்தது. அப்புறம் ஃபேன் காற்று பட்டால் வந்தது, மீசை முடி அசைந்தால் வந்தது. பேச வாயைத் திறந்தால் தவறாமல் வந்தது.

பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் யோசித்து, ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். "பார்த்தா ரெண்டுமே நல்ல பல்லு மாதிரிதான் இருக்கு," என்றார், பிடுங்கிய பிறகு. வேறு சமயமாக இருந்தால் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே மைக்செட் ஒரு வருஷம் கடையை ஓட்டியிருப்பார். இப்போது கன்னத்தைப் பொத்திக்கொண்டு பேசாமல் எழுந்து வந்தார்.

கடைசியில் மூளை நரம்பு டாக்டர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். முகத்துக்கு உணர்ச்சி கொண்டுவருகிற நரம்பு மூளையிலிருந்து கிளம்புகிற இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் உரசிக்கொண்டிருக்கிறதாம். பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "முடிஞ்ச வரைக்கும் பேச்சைக் குறைச்சுக்கங்க," என்றார். அந்த டாக்டருக்கு இவர் யாரென்று தெரியாது, பாவம்.

பேசாத மைக்செட் கடைக்கு எவன் வருவான், கடை படுத்துவிடும் என்றுதான் தெருவே நினைத்தது. நடந்ததோ நேர்மாறு. பாதித் தெரு அவர் வாய்க்குப் பயந்து இத்தனை நாளும் ரெண்டு தெரு தள்ளிப்போய் முடி வெட்டிக்கொண்டிருந்த விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. எல்லோரும் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் சும்மா உட்கார்ந்தார்களா என்றால், அதுவும் இல்லை. வெட்டுகிறவன் பேசாவிட்டால் வெட்டிக்கொள்கிறவன் பேசுவான் போலிருக்கிறது. வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பார்க்கில் போய் உட்காருகிறவர் அதைச் சொன்னார். தம்பிக்குத் தெரியாமல் வீட்டை விற்கப் பார்க்கிறவர் அதைச் சொன்னார். "உங்ககிட்ட சொன்னா இந்த நாலு சுவத்தைத் தாண்டாதுண்ணே," என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்கள். வலி வந்துவிடுமோ என்று அவர் மூச்சுவிடக்கூட யோசித்துக்கொண்டு நின்றதை, ஆழமான மனுஷன் என்று எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் சவரம் செய்கிறவர் முகத்தில் மட்டும் வலது பக்கம் வழவழ, இடது பக்கம் காடு. அங்கே கத்தி வைக்க அவராலும் முடியாது. அதையும் ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாடியில் குடியிருக்கிற அவருடைய அக்காதான் மகளுக்குப் போன் செய்தாள். "உங்கப்பன் கஞ்சி குடிக்கக்கூட அழறான். ஒரு வார்த்தை பேசறதில்ல." அழுகிறார் என்பதை மகள் நம்பினாள், பேசுவதில்லை என்பதைத்தான் நம்பவில்லை. நேரில் வந்து பார்த்தாள். அப்பா வாயின் வலது ஓரத்தில் ஸ்பூனை வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை இறுக மூடிக்கொள்வதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு தாங்கவில்லை. இந்த ஊர்க் கிளைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள், ஃபேனை நிறுத்தினாள், கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினாள். ஊட்டும்போது சும்மா இருக்க முடியாமல் மெல்லப் பேச ஆரம்பித்தாள்.

முதலில் ஆபீஸ் கதை. முகவரியில்லாமல் வந்து யாரும் கேட்காமல் கிடக்கிற பார்சல்கள், மேனேஜர் தும்முகிற விதம். மைக்செட் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே ஆச்சரியம். இவள் இவ்வளவு பேசுவாளா? இவ்வளவு சிரிக்கச் சிரிக்கப் பேசுவாளா? பெற்று வளர்த்த மகள் பேசி அவர் கேட்டதே இல்லை. அந்த வீட்டில் அடுத்தவர் பேச அவர் எப்போது இடம் விட்டார்? வலி கொன்றெடுத்த அந்த நாட்களில், கஞ்சி நேரம் எப்போது வரும் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.

மாத்திரைதான் கடைசியில் வேலையைக் கெடுத்தது. வலி அடங்காததால் அளவு ஏறியது, அளவு ஏற ஏறத் தூக்கம் சொக்கியது. ஒரு நாள் ஒரு ஆளின் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டே நின்றபடி கண் அசந்துவிட்டார். கத்தி ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடியில் பார்த்த அந்த ஆள்தான் பாதி சவரத்தோடு எழுந்து ஓடிவிட்டார். இனி இப்படிச் சரிவராது என்று மகள் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

மண்டையைத் திறந்து ரத்தக்குழாயை விலக்கி வைக்கலாம், ஆனால் இவருக்கு ஏற்கனவே நெஞ்சில் கோளாறு, மயக்க மருந்து கொடுக்கப் பயமாக இருக்கிறது என்றார் டாக்டர். "அதனால கதிர்வீச்சு வச்சுப் பண்ணிடலாம். கத்தியே கிடையாது."

மைக்செட்டின் முகம் சுருங்கிப்போனது. காலமெல்லாம் கத்தி பிடித்தவர். கத்தி இல்லாத ஆபரேஷனை அவரால் ஒரு ஆபரேஷனாகவே மதிக்க முடியவில்லை. ஆனாலும் தலை சம்பந்தப்பட்ட காரியம், தலையை மழிக்காமல் எப்படி நடக்கும்? யாரோ ஒரு ஆஸ்பத்திரி ஆள் மொண்ணைக் கத்தியால் தன் தலையைச் சுரண்டுவதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது. முதல் நாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி வைத்து, தன் தலையைத் தானே பளபளவென்று மழித்துக்கொண்டார். மறுநாள் நர்ஸ் அவரைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டாள். "மொட்டை யாரு போடச் சொன்னது? ஒரு முடிகூட எடுக்க வேண்டாமே." மகள் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். மைக்செட் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வேலை மட்டும் சுத்தமாக இருந்தது.

நெற்றியிலும் பின்மண்டையிலும் மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு திருகாணிகளால் ஒரு உலோகச் சட்டத்தைத் தலையில் பூட்டினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரும், கதிர்களுக்குக் கணக்குப் போடுகிற ஒரு இளம் பெண்ணும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். அப்புறம் அந்தப் பெண் வந்து விளக்கினாள். "சுத்தி எல்லாப் பக்கத்துலேர்ந்தும் மெல்லிசா நிறைய கதிர் வரும் ஐயா. ஒவ்வொண்ணும் தனியா ஒண்ணும் செய்யாது, போற வழியில எதுவும் கெடாது. எல்லாம் ஒரே புள்ளியில சேரும். அந்த இடத்துலதான் சுடும்." மெஷினுக்குள் படுக்க வைக்கும்போது, "உள்ள மைக் இருக்கு. ஏதாவது வேணும்னா பேசுங்க, எங்களுக்குக் கேக்கும்," என்றாள். மகளால் இந்தத் தடவை சிரிப்பை அடக்க முடியவில்லை.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை, ஒன்றும் தெரியவும் இல்லை. சும்மா படுத்திருப்பதற்கு மைக்செட்டுக்குப் பழக்கம் கிடையாது, அதனால் யோசித்தார். தனித்தனியாக ஒன்றும் செய்யாதாம், எல்லாம் சேருகிற இடத்தில் சுடுமாம். தானும் ஆளுக்கு ஒரு வார்த்தைதானே சொன்னோம், ஒரு வார்த்தையில் என்ன குடி முழுகிவிடும் என்றுதானே சொன்னோம் என்று நினைத்தார். அது எல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தில் இந்தப் பெண்தான் நின்றுகொண்டிருந்தாள். அவருக்கு அழுகை வந்தது. தலையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அழாமல் கிடந்தார்.

வெளியே எடுத்ததும், எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கையால் கேட்டார். முடிந்துவிட்டது என்றார்கள். "உடனே தெரியாது. சில வாரம் ஆகும், சிலருக்கு மாசக்கணக்காகும். சிலருக்குப் போகாமலும் இருக்கலாம். அந்தப் பக்கம் கன்னம் கொஞ்சம் மரத்துப்போகலாம். நாங்க சொல்ற வரைக்கும் மாத்திரையை நிறுத்தாதீங்க," என்றார் டாக்டர். கத்தியில்லாத ஆபரேஷன், தேதியில்லாத குணம். மைக்செட்டுக்கு நம்பிக்கையே வரவில்லை.

வாரங்கள் போயின. ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கைதவறி இடது பக்கம் போய்விட்டது. கண்ணை இறுக்கிக்கொண்டு வெட்டுக்குக் காத்திருந்தார், வரவில்லை. வேண்டுமென்றே இன்னொரு தரம் தேய்த்தார், அப்போதும் இல்லை. கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார், யாரோ வேறு ஆளுடைய கன்னத்தைக் கிள்ளினாற்போல இருந்தது. வாயை அகலத் திறந்தார், மூடினார். தன் பெயரைத் தானே சன்னமாகச் சொல்லிப் பார்த்தார். மகளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று கூடத்துக்கு ஓடிவந்தார்.

மகள் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அப்பா, உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வேற யார்கிட்டயும் சொல்ல முடியாது."

அவர் உட்கார்ந்தார்.

"கடைக்கு எதிர்ல கண்ணாடிக் கடை வச்சிருக்காரே, மூக்குக் கண்ணாடி விக்கிறவர். அவரும் நானும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அவருக்கு விவாகரத்துக் கேஸ் நடக்குது. நான் இந்த ஊருக்குத் திரும்பி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அவங்க பிரிஞ்சாச்சு. ஆனா தீர்ப்பு வர்ற வரைக்கும் என் பேரு வெளிய வரக் கூடாதுப்பா. வந்துச்சுன்னா என்னாலதான் பிரிஞ்சாங்கன்னு அந்தப் பக்கத்து வக்கீல் எழுதிடுவாரு. கேஸே புரண்டு போயிடும். அத்தைக்குக்கூடத் தெரியாது." ஸ்பூனை நீட்டிக்கொண்டே சிரித்தாள். "முன்ன மாதிரி இருந்தா உங்ககிட்ட மூச்சுவிட்டிருக்க மாட்டேன். உங்களுக்குச் சரியாயிடுச்சுன்னா நான் மறுபடி வாயை மூடிக்கணும்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள், அதில் பாதி விளையாட்டு இல்லை என்பது அவருக்குத் தெரியும். தொண்டை வரைக்கும் வந்த நல்ல சேதியை அவர் விழுங்கினார். இடது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"வந்துடுச்சா?" என்று பதறினாள் மகள்.

வந்துவிட்டது என்று தலையாட்டினார்.

அன்றைக்கு ஆரம்பித்தது அவர் பாடு. வலி இருந்த காலத்தில் பேச ஆசையே வந்ததில்லை. இப்போது நாக்கு நமநமவென்று அரித்தது. இத்தனை நாள் நாற்காலியில் கொட்டிவிட்டுப் போன ரகசியங்களெல்லாம் உள்ளே ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வறுத்த கடலையை வேண்டுமென்றே இடது பக்கம் போட்டு நறநறவென்று மென்று மனசை ஆற்றிக்கொள்வார். சாயங்காலம் வீட்டில் அழுதுகொண்டே கஞ்சி. முகத்தின் இடது பக்கத்துக் காட்டைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் கை துடிக்கும். ஒரு தொழிலாளிக்கு இதைவிடத் தண்டனை உண்டா?

டாக்டரைத் திரும்பப் பார்க்கப் போனபோது மகளும் கூடவே உள்ளே வந்துவிட்டாள். டாக்டர் பஞ்சுத் துணுக்கை எடுத்து அவர் இடது கன்னத்தில் தடவினார். மைக்செட்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டரின் கை திரும்பிப் போவதைப் பார்த்த பிறகுதான் விஷயம் உறைத்து, "ஆ" என்றார். டாக்டர் அவரைப் பார்த்தார், அவர் கூரையைப் பார்த்தார். "மாத்திரையை இனிமே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுடலாம்," என்றார் டாக்டர். "வலி அப்படியே இருக்குன்றாரே டாக்டர்," என்றாள் மகள். "இருக்கட்டும்மா, குறைச்சுடலாம்," என்று டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அதைவிடப் பெரிய கண்டம் ஒரு சனிக்கிழமை வந்தது. கண்ணாடிக் கடைக்காரனின் மனைவி பக்கத்து வக்கீல் முடி வெட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்தார். வாய்க்குப் பயந்து ஓடிப்போய், மௌனத்துக்காகத் திரும்பி வந்தவர்களில் அவரும் ஒருவர். "எதிர்க் கடைக்காரன் எப்படிப்பட்ட ஆளு? கடைக்குப் பொண்ணு யாராவது வந்து போகுதா? நீங்க நேர் எதிர்ல இருக்கீங்க, உங்க கண்ணுக்குத் தப்புமா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

காட்டிக்கொடுக்கும் எண்ணமெல்லாம் மைக்செட்டுக்குக் கிடையாது, எப்போதும் கிடையாது. அவர் நாக்கு நுனிக்கு வந்து நின்றது ஒரு பாராட்டு. தங்கமான பையன் சார், அவனை மாப்பிள்ளையா அடைய நாங்க கொடுத்து வச்சிருக்கணும். அவ்வளவுதான். அன்றைக்குத் தாய்மாமனிடம் சொன்னதும் இதே மாதிரி ஒரு பாராட்டுத்தான். கத்தரிக்கோலைக் கீழே போட்டார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சரிந்து, வக்கீலே பயந்து எழுந்து நிற்கிற அளவுக்கு முனகினார்.

"கதிர் வச்சும் போகலையா? அநியாயமா இருக்கே," என்றார் வக்கீல். "சொல்லுங்க, ஆஸ்பத்திரி மேல ஒரு கேஸ் போட்டுடலாம்."

வேண்டவே வேண்டாம் என்று அவர் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து, எப்பேர்ப்பட்ட பொறுமைசாலி என்று வக்கீல் வியந்துகொண்டு போனார்.

தீர்ப்பு வந்த அன்று மத்தியானம் மகள் ஆபீஸில் சொல்லிவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். கடையில் ஆள் யாருமில்லை. மைக்செட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "முடிஞ்சுதுப்பா. தீர்ப்பு வந்துடுச்சு. அவருக்கு இனி எந்தத் தடையும் இல்ல," என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். அவர் முகம் மலர்ந்துபோய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய இடது கண்ணுக்குக் கீழே ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.

மகள் பேச்சை நிறுத்தினாள். அந்தக் கன்னத்துக்காக எத்தனை மாசம் ஜன்னலைச் சாத்தி வைத்தவள், ஃபேன் இல்லாமல் புழுங்கிக் கிடந்தவள். ஈ நிதானமாக நடந்தது. கன்ன மேட்டில் இறங்கி, தாடி ஓரமாகப் போய், உதட்டோரத்தில் நின்று காலைத் தேய்த்துக்கொண்டது. அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் விரலை நீட்டி ஈயை ஓட்டினாள். விரலைப் பார்த்ததும் அவர் சுதாரித்துக்கொண்டு, "ஸ்ஸ்" என்று ஆரம்பித்தார்.

"நடிக்காதீங்கப்பா," என்றாள். "எப்பலேர்ந்து?"

கையும் களவுமாகப் பிடிபட்டாகிவிட்டது. கை கன்னத்துக்குப் போய், பாதி வழியில் கீழே இறங்கியது. "நீ கண்ணாடிக் கடை விஷயம் சொன்னியே, அன்னிக்குக் காலையிலேர்ந்து," என்றார். குரல் துருப்பிடித்துப் போயிருந்தது.

"அப்ப நான் சொல்றதுக்கு முன்னாடியே சரியாயிடுச்சா? தெரிஞ்சிருந்தா நான் சொல்லியே இருக்க மாட்டேனே."

"அதான் நான் சொல்லல."

"இத்தனை நாளும் என்னை ஏமாத்தியிருக்கீங்க. உக்கார வச்சு கஞ்சி ஊட்டினேனே உங்களுக்கு."

"கஞ்சிதாம்மா எனக்கும் கஷ்டமா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். வாசலில் நின்று எதிர்க்கடையைப் பார்த்தாள். என்னவோ தோன்றித் திரும்பினாள். "அந்த வக்கீல் இங்க வந்ததை அவர் பார்த்துட்டு நடுங்கிப்போய் எனக்குப் போன் பண்ணாரு. நான்தான் சொன்னேன், பயப்படாதீங்க, எங்கப்பாவால பேச முடியாதுன்னு." அப்பாவின் கன்னத்தைப் பார்த்தாள். "பேச முடிஞ்சிருக்கு."

"ம்."

"கேட்டாரா?"

"கேட்டாரு. எனக்கு வலி வந்துடுச்சு."

"அத்தைகிட்ட?"

"இல்ல."

"வேற யார்கிட்டயும்?"

"ஒரு ஈ காக்காகிட்டகூடச் சொல்லலம்மா." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குச் சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா நீ பேச்சை நிறுத்திடுவேன்னு பயம். நீ பேசறதைக் கேக்கறது எனக்குப் பழகிப்போச்சு. அது இல்லாம என்னால இருக்க முடியாது."

கண் இரண்டிலும் தண்ணீர் வழிந்தது. வலது கன்னத்தில் வழிந்ததை அவரே துடைத்துக்கொண்டார், இடது பக்கம் வழிவது அவருக்குத் தெரியவில்லை. மகள் திரும்பி வந்து, இரண்டாவது நாற்காலியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதைத் துடைத்துவிட்டாள்.

"ஒரு விஷயம்," என்றார் மைக்செட் கடைசியில். "நான் பேசறேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே. நான் பேசாம இருக்கிறதாலதான் கடை ஓடுது."

"நான் என்ன உங்களை மாதிரியா?" என்றாள் மகள். "நான் அம்மா மாதிரி."

மறுநாள் காலையில் கடையைத் திறந்து பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்தார். வழக்கமாகப் பெஞ்சு நிறையும் நேரம். ஒருவரையும் காணோம். டிபன் பாக்ஸ்காரர் எதிர் வரிசையில் வேகமாக நடந்து போனார், இந்தப் பக்கம் திரும்பவில்லை. வீட்டை விற்கப் பார்த்தவர் கடை வாசல்வரை வந்து, மைக்செட்டின் வாயை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார். என்ன கூத்து இது என்று மைக்செட் கதவருகே வந்து நின்றபோது, கண்ணாடிக் கடைக்காரன் தெருவைத் தாண்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். நேற்று வரைக்கும் அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன்.

"வலி சுத்தமாப் போயிடுச்சாமே மாமா," என்றான். "ரொம்ப சந்தோஷம்."

பிரஷ்ஷில் சோப்பு நுரைத்துக்கொண்டிருந்தது. "யார் சொன்னது?" என்று கேட்டார் மைக்செட்.

"உங்க பொண்ணுதான். நேத்து சாயங்காலமே சொல்லிட்டா. யார்கிட்டயும் மூச்சுவிடக் கூடாதுன்னு சொல்லித்தான் சொன்னா." அவன் கொஞ்சம் தயங்கினான். "அப்புறம் அத்தைகிட்டயும் சொன்னாளாம். கூரியர் ஆபீஸ்லயும் எல்லாருக்கும் தெரியும் போலிருக்கு. சந்தோஷத்துல அவளால அடக்க முடியல மாமா."

மைக்செட் காலிப் பெஞ்சைப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த தன் பாதித் தாடியைப் பார்த்தார். நுரையை அவன் முகத்தில் வைக்காமல், தன் இடது கன்னத்தில் அப்பிக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க மாப்ள," என்றார். "அவ அம்மா மாதிரின்னு இத்தனை வருஷமா நம்பிக்கிட்டு இருந்துட்டேன். எம் பொண்ணுதான் அவ."